போர்க்கால ஜீப்பைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும்

பழைய இராணுவ ஜீப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியவர் முதலில் செய்யும் தவறு, வண்டி பட்டறைக்குள் வந்த அன்றே ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான். இரண்டாவது தவறு, துருவைக் கண்ட எரிச்சலில் எல்லாவற்றையும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பி, வெறும் இரும்பாக்கித் திரும்பப் பெறுவது. இவ்விரண்டையும் தவிர்த்தவர் பிறகு செய்யும் பிழைகளைப் பெரும்பாலும் திருத்திக்கொள்ள முடியும். உடைந்த கியருக்கு மாற்றுக் கிடைக்கும், அரித்துப்போன தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டலாம். ஆனால் தேய்த்து அழித்த எண்ணையும் சுரண்டியெறிந்த பெயின்ட் அடுக்கையும் யாராலும் திரும்பக் கொண்டுவர இயலாது.

இரண்டாம் உலகப்போரின் கால் டன் ஜீப்பையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சேகரிப்பவர்களிடம் மிகுதியாக இருப்பதும், உதிரிபாகங்களும் ஆவணங்களும் எளிதில் கிடைப்பதும் அதற்குத்தான். டாட்ஜ் டபிள்யூ.சி. வரிசை, பழைய லேண்ட் ரோவர், சோவியத் காஸ்-69 போன்ற பிற வண்டிகளுக்கு அளவுகள் மாறுமே தவிர, வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

உங்களிடம் இருப்பது எது?

1940 செப்டம்பரில் அமெரிக்கன் பாண்டம் நிறுவனம் தன் முதல் மாதிரி வண்டியை மேரிலாந்தின் ஹோலாபேர்ட் இராணுவ முகாமில் ஒப்படைத்தது. ஆனால் பெருமளவு உற்பத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களின் கைக்குச் சென்றது. 1941 முதல் 1945 வரை இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி. என்றும், வில்லிஸின் வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. என்றும் அழைக்கப்பட்டன. ஃபோர்டின் குறியீட்டில் 'ஜி' அரசு ஒப்பந்தத்தையும், 'பி' 80 அங்குலச் சக்கர இடைவெளியையும், 'டபிள்யூ' வில்லிஸ் வடிவமைப்பையும் குறித்தன. 'பொதுப் பயன்பாடு' என்ற சொற்களின் சுருக்கம்தான் அது என்று பலரும் நம்புவது பிற்காலத்துக் கதை.

இந்த 80 அங்குல அளவு போருக்குப் பின் வந்த சி.ஜே-2ஏ பொதுமக்கள் ஜீப்பிலும் எம்-38 இராணுவ ஜீப்பிலும் அப்படியே தொடர்ந்ததால், டேப்பை வைத்து அளந்து பார்த்து அடையாளம் காண முடியாது. பிரான்ஸில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் 1955 முதல் 1966 வரை தயாரித்த எம்-201 வகையும் தூரத்திலிருந்து பார்த்தால் எம்.பி.யாகவே தெரியும். போர்க்கால ஜீப் என்று விற்கப்படும் வண்டிகளில் சில, பச்சை பெயின்ட் பூசிய சி.ஜே. வண்டிகளாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

முன்பக்கக் கிரில்லிலிருந்து தொடங்குங்கள். போர்க்கால வண்டியின் அழுத்தித் தயாரித்த கிரில்லில் ஒன்பது நீள்துளைகள் இருக்கும், சி.ஜே. வண்டிகளில் ஏழுதான். வில்லிஸின் தொடக்கக்கால வண்டிகள் சுமார் 25,000-இல் மட்டும் தட்டைக் கம்பிகளை வெல்டிங் செய்த கிரில் இருந்தது. அப்படியொன்று கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. போர்க்கால முகப்பு விளக்குகள் கிரில்லுக்குள் உள்வாங்கி இருக்கும். ஒரு நட்டைத் தளர்த்தினால் விளக்கு மேல்நோக்கித் திரும்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். பின்புறம் திறந்து மூடும் கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்பக்கத் தகட்டிலேயே தொங்கும்.

வில்லிஸா ஃபோர்டா என்று பிரித்தறிய, முன்புறம் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே உள்ள சேசிஸ் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸில் அது உருண்டைக் குழாயாகவும், ஃபோர்டில் கவிழ்த்த தொட்டி வடிவிலும் இருக்கும். சேசிஸ் எண்ணை ஃபோர்டு இடப்பக்கச் சட்டத்தின் மேற்பரப்பில், எஞ்சின் தாங்கிக்கு அருகில் நேரடியாகக் குத்தியது. வில்லிஸ் ஒரு சிறு தகட்டில் பொறித்து, முன் பம்பருக்குப் பின்னால் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் ரிவெட் அடித்தது. தகடு கழன்று விழுந்துவிடும் என்பதால் எண் தகடு இல்லாத வில்லிஸ் சேசிஸ்கள் ஏராளம். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைகளில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டுகளைத் தனி டப்பாவில் சேர்த்துவைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்கிவிடலாம்.

ஃபோர்டு சேசிஸில் வில்லிஸ் எஞ்சின் இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இராணுவப் பட்டறைகள் நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே நேரத்தில் பிரித்து, கைக்குக் கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்த்துத் திருப்பியனுப்பின. மேலும் 1944 முதல் இரு நிறுவனங்களுக்கும் ஒரே பொதுப் பாடி வழங்கப்பட்டது. கலப்பு எப்போது நேர்ந்தது என்பதே பார்க்க வேண்டியது. போர்க்காலத்துப் பட்டறையில் நேர்ந்த கலப்பு வண்டியின் வரலாற்றைச் சேர்ந்தது. அதைக் கழற்றிவிட்டு 'பொருத்தமான' எஞ்சினைத் தேடி அலைவது எனக்கு உடன்பாடில்லாத வேலை.

போருக்குப் பிந்தைய எம்-151 வகையை வாங்குபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சுமையைத் தாங்குகிறது. வளைவில் கவிழும் தன்மை காரணமாக அமெரிக்க இராணுவம் கழித்த வண்டிகளை முழுதாக விற்காமல் துண்டுகளாக வெட்டியே வெளியேற்றியது. அத்துண்டுகளை ஒட்டிச் சேர்த்த வண்டிகள் சந்தையில் உண்டு. வெல்டிங் கோட்டைச் சுரண்டிப் பார்க்காமல் அப்படிப்பட்ட வண்டியில் பணம் போடாதீர்கள்.

பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணும் சேசிஸில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதையும், துப்பாக்கித் தாங்கி, செயலிழக்கச் செய்த ஆயுதம் போன்றவற்றை வைத்திருக்க உங்கள் நாட்டுச் சட்டம் இடம்தருகிறதா என்பதையும் பணம் கைமாறுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். நெடுங்காலம் கிடந்த இராணுவ வண்டியின் இருக்கைக்கடியிலும் கருவிப்பெட்டிக்குள்ளும் வெடிபொருள் தட்டுப்பட்டால், அதைத் தொடாமல் விலகி அதிகாரிகளை அழைப்பது மட்டுமே உங்கள் வேலை.

பெயின்ட்டைப் படித்தல்

போர்க்கால ஜீப்பின் பானெட் பக்கங்களில் பதிவெண் எழுதப்பட்டிருந்தது. கால் டன் வண்டிகளுக்கு அது 20 என்று தொடங்கும். தொடக்கத்தில் நீலச்சாயலுள்ள பெயின்ட்டிலும் பின்னர் வெள்ளையிலும் எழுதினர். வானொலிக் கருவிக்கு இடையூறு வராமல் மின்சுற்று அடக்கப்பட்ட வண்டியின் எண்ணுக்குப் பின் 'எஸ்' சேர்ந்தது. பம்பரில் படைப்பிரிவின் குறியீடும், உச்சியிலும் பக்கங்களிலும் வெள்ளை நட்சத்திரமும் இருக்கும். பின்னர் எத்தனை முறை பெயின்ட் அடித்திருந்தாலும், அடியில் இவை இன்னும் இருக்க வாய்ப்புண்டு.

அவற்றை வெளிக்கொணர மிஷின் சாணையைப் பயன்படுத்தக் கூடாது. 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கையளவு பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வட்டமாக, அழுத்தமின்றித் தேயுங்கள். ஒவ்வொரு நிறம் தோன்றும்போதும் நிறுத்தி, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படமெடுங்கள். மங்கலாக ஓர் எழுத்தின் விளிம்பு தெரிந்ததும் திசையை மாற்றி, அதன் நீளவாட்டில் தேய்க்க வேண்டும். ஒரு பானெட்டின் இருபக்கமும் முடிய முழுதாக இரண்டு விடுமுறை நாட்கள் ஆகலாம். அவசரப்பட்டவர் ஓர் இலக்கத்தை இழப்பார், ஓர் இலக்கம் இல்லாத பதிவெண் எதற்கும் உதவாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்புவது உடலுக்கும் கேடு. கழிவு நீரைத் துணியில் ஒற்றியெடுங்கள்.

டாஷ்போர்டில் ரிவெட் அடித்த தகவல் தகடுகளையும் இதே கட்டத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நகல் தகடுகள் எளிதில் கிடைப்பதால், பளபளக்கும் தகட்டை நம்பி வண்டியின் தேதியை முடிவுசெய்யாதீர்கள்.

எவ்வளவு தூரம் போவது?

மூன்று வழிகள் உண்டு: உள்ளபடியே காப்பது, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது, கடைசிப் போல்ட் வரை பிரித்துப் புதுப்பிப்பது. சேசிஸ் நேராகவும், அசல் பெயின்ட் பாதிக்கு மேலும் இருந்தால் முதல் வழியே சிறந்தது என்பது என் கருத்து. முழுப் புதுப்பிப்பை எந்த வண்டிக்கும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்; காப்பதற்கான வாய்ப்போ ஒருமுறைதான். பாடி முற்றிலும் அரித்துப்போயிருந்தால், பிலிப்பைன்ஸில் புதிதாகச் செய்யப்படும் மாற்றுப் பாடிகளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் வெட்கமில்லை, ஆனால் விற்கும்போது சொல்லிவிட வேண்டும்.

பிரித்தல்

அமெரிக்கப் போர்த்துறை இந்த வண்டிக்காக வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேட்டின் நகலும், ஜி-503 என்று குறிக்கப்படும் பாகப் பட்டியலும் கைவசம் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். பட்டியலில் உள்ள, பாகங்களைப் பிரித்துக்காட்டும் படங்கள் ஒவ்வொரு வாஷரின் இடத்தையும் காட்டுகின்றன. இருந்தாலும், உங்கள் வண்டியில் அந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதை உங்கள் படம் மட்டுமே சொல்லும். ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன், கழற்றும்போது, கழற்றிய பின் என மூன்று முறை படமெடுத்து, அதன் போல்ட்டுகளை ஒரு பையிலிட்டு, எழுதிய துண்டுத்தாளை வெளியே ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள். எண்ணெய்க் கையால் தொட்டால் வெளியே ஒட்டியது ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும்.

இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமுறை மரை கொண்டவை. வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்பி அவற்றை முறித்தவர்கள் பலர். அசல் போல்ட்டில் 'எல்' என்ற குறி இருக்கும். வண்டியின் வில்பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) தொங்கவிடும் ஷேக்கிள்களிலும் சிலவற்றுக்கு இடமுறை மரை உண்டு, அவற்றில் சிறு புடைப்பு ஒன்று அடையாளமாக வார்க்கப்பட்டிருக்கும். முன் பட்டைகள் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இடப்பக்கம், வலப்பக்கம் என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டே இறக்குங்கள்.

உயிருக்கே ஆபத்தானது காம்பாட் ரிம் எனப்படும் சக்கரம். இது இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. வண்டியோடு சக்கரத்தைப் பிணைக்கும் ஐந்து நட்டுகள் உள்வட்டத்திலும், பாதிகளைப் பிணைக்கும் எட்டு நட்டுகள் வெளிவட்டத்திலும் இருக்கும். டயரில் காற்றிருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைத் தளர்த்தினால் ரிம் பிளந்து முகத்தில் அறையும். வால்வின் உட்பாகத்தைக் கழற்றி, அதன் வழியே ஒரு கம்பியைச் செருகி அடைப்பில்லை என்று பார்த்த பிறகே வெளிவட்டத்தைத் தொட வேண்டும். பெரிய லாரிகளின் பூட்டுவளைய ரிம்களில் காற்றேற்றுவது கம்பிக் கூண்டுக்குள் மட்டுமே.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக்குழாயால் ஊதும் பழக்கத்தைக் கைவிட்டு, நனைத்துத் துடையுங்கள். அக்காலத்து இராணுவக் கருவிமுகப்புகள் சிலவற்றில் இருளில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ஒளிர்வது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு நின்றுவிடாது. அதனால் மீட்டர்களைத் திறந்து ஊசியைச் சுரண்டும் வேலை வேண்டாம்.

பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், தரையில் பதிந்த பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். காலியான டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது, ஏனெனில் ஆவி தங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த டாங்கில்கூட வீட்டுப் பட்டறையில் வெல்டிங் வைக்கக் கூடாது; அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். உள்துருவைப் போக்க, ஒரு துண்டுச் சங்கிலியையும் வினிகரையும் உள்ளே போட்டுக் குலுக்கி, சோடாக் கரைசலில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசினால் போதும்.

சேசிஸும் பாடியும்

சேசிஸைச் சமதரையில் வைத்து மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வண்டி எப்போதோ மோதியிருக்கிறது. முன் பட்டைத் தாங்கிகளுக்குப் பின்னும், ஸ்டீரியரிங் பெட்டி பொருந்தும் இடத்திலும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் முனைகளிலும் விரிசல் விடும். பெயின்ட்டை அகற்றி, சாய ஊடுருவல் சோதனை செய்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாகத் தெரியும். விரிசலின் நுனியில் துளையிட்டு, முழு ஆழத்துக்குச் சாணைபிடித்து வெல்டிங் செய்வதே முறை. மேலே ஒரு தகட்டை வைத்து மூடினால் விரிசல் அடியில் வளரும்.

பாடியின் துரு எங்கே தொடங்கும் என்பது வடிவமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தரைத்தகட்டுக்கு வலுவூட்டும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டைகளை வைத்திருந்தார்கள். அந்த மரம் நீரைக் குடித்து ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருந்து, தகட்டை உள்ளிருந்து தின்றது. மேலிருந்து பார்க்கத் தரை நன்றாகத் தெரிந்தாலும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி எழும் இடத்தில் உலோகம் இல்லை. டாங்குப் பள்ளமும், பின்மூலைக் கருவிப்பெட்டிகளின் அடியும் அடுத்த இடங்கள். மாற்றுச் சட்டங்களைப் பொருத்தும்போது மரத்தையும் திரும்ப வைக்க விரும்புவோர், அதை எண்ணெயில் ஊறவைத்து எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்த பின்னரே செருக வேண்டும்.

டிங்கரிங் வேலையில் பட்டி பூசுவதை இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள். போர்க்கால உற்பத்தியில் தகடு கண்ணாடிபோல நேராக இருந்ததில்லை. சிறு நெளிவு இருப்பதே இயல்பு. அரித்த பகுதியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டி, அதே தடிமனில் புதுத் துண்டை விளிம்போடு விளிம்பாக வைத்துப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் செய்யுங்கள். தொடர்ச்சியாக இழுத்தால் தகடு வளைந்துவிடும்.

சிறு பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு முறை நல்லது. சலவைச் சோடா கரைத்த நீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் பாகம், நேர்முனையில் சாதாரண இரும்புத் தகடு; அவ்வளவே. நேர்முனையில் எவர்சில்வர் வைக்கக் கூடாது, நச்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பட்டைகளையும் உறுதிமிக்க போல்ட்டுகளையும் இதில் இடாதீர்கள். ஹைட்ரஜன் புகுந்து அவை முறியும் தன்மை பெறும்.

எஞ்சின்

'கோ டெவில்' என்று பெயர்பெற்ற இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்டது. வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். அழுத்த விகிதம் 6.48 மட்டுமே என்பதால் சாதாரண பெட்ரோலே தாராளம். ஆனால் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் சவ்வையும் கரைக்கும், அவற்றை மட்டும் புதிய வகை ரப்பருக்கு மாற்றிவிடுங்கள்.

இறுகிக் கிடக்கும் எஞ்சினைச் சுற்ற வண்டியை இழுத்துப் பார்ப்பவர்கள் கனெக்டிங் ராடை வளைத்துவிடுவார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் கைப்பிடியால் முன்னும் பின்னும் சிறிதளவு அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மேலும் ஒரு வாரம். அசைந்த பிறகும் முழுச்சுற்று வரும்வரை பொறுமை வேண்டும், ஏனெனில் பக்கவாட்டு வால்வுகளில் ஒன்றிரண்டு திறந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஹெட்டை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதி. இவ்வகை எஞ்சின்கள் விரிசல் விடுவது அங்கேதான். பிளாக்கைப் பட்டறையில் கொடுத்துச் சோதிக்காமல் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தவும் ஸ்லீவ் (உட்குழல்) போடவும் செலவு செய்யாதீர்கள். நீர்வழிகளை மூடும் தகட்டு அடைப்பான்களைக் கழற்றினால் உள்ளே வண்டல் கெட்டிப்பட்டுக் கிடக்கும், குறிப்பாகப் பின்கோடியில். கம்பியால் குத்தி எடுத்து, சுத்த நீர் வரும்வரை அலசுங்கள். புது ரேடியேட்டர் போட்டும் சூடாகிறது என்று புலம்புபவர்களின் வண்டிகளில் இந்த வண்டல்தான் பெரும்பாலும் குற்றவாளி.

பின் மெயின் பேரிங்கின் எண்ணெய்த் தடுப்பு, கயிறுபோன்ற திரி வகை. அதை எண்ணெயில் ஊறவைத்து, காடியில் உருளையால் அழுத்திப் படியவைத்து, முனைகளைத் துளி மட்டும் மேலெழும்படி வெட்டுங்கள். அப்படியும் சில துளிகள் கசியும். அதை நோயாகக் கருதத் தேவையில்லை. டேப்பெட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.014 அங்குலம், பாயின்ட் இடைவெளி 0.020, பிளக் இடைவெளி 0.030 அங்குலம். எரியூட்டு வரிசை 1-3-4-2.

ஆக்ஸிலும் டிரான்ஸ்பர் கேஸும்

எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் இடைத்தண்டு போர்க்கால வண்டியில் முக்கால் அங்குல விட்டமே கொண்டது. நீடில் பேரிங் உருளைகள் அதில் குழிபறித்துவிடும். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, பள்ளம் தட்டுப்பட்டால் தயங்காமல் மாற்றுங்கள். அங்கே எண்ணெய் கசிவதற்கும் பெரும்பாலும் அந்தத் தேய்மானமே காரணம், சீல் அல்ல.

முன் ஆக்ஸிலின் உருண்டைக் குமிழுக்குள் இருக்கும் ஜாயின்ட், பென்டிக்ஸ், ரெசப்பா, டிராக்டா, ஸ்பைசர் என நான்கு வகையில் எதுவாகவும் இருக்கலாம். பென்டிக்ஸ் வகையில் எஃகு உருண்டைகளின் இடத்தைக் குறிக்காமல் கழற்றினால் திரும்பக் கோப்பது பெரும்பாடு. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்குக்கு மேலும் கீழும் உள்ள ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகளை) தனித்தனியே கட்டிவையுங்கள். அவற்றின் மொத்தத் தடிமன்தான் ஸ்டீரியரிங் எவ்வளவு இறுக்கமாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது, தளர்ந்துபோனால் முன்சக்கரங்கள் நடுங்கும்.

பிரேக்

இந்த வண்டியின் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சுற்றில் ஓடுகிறது. நான்கு சக்கரங்களில் எங்கேனும் ஒரு குழாய் வெடித்தாலும் மிதி தரையைத் தொடும். எஞ்சியிருப்பது டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் உள்ள கைப்பிரேக் மட்டுமே. ஆகவே 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்ற காரணத்துக்காக ஒரு பழைய குழாயையும் விட்டுவைக்க வேண்டாம். உலோகக் குழாய்களுக்குச் செம்பு நிக்கல் கலவை வளைக்க எளிது, துருப்பிடிக்காது. குழிவிழுந்த சிலிண்டரைத் தேய்த்துச் சமாளிப்பதைவிட ஸ்லீவ் போடுவது நல்லது.

அதிகம் ஓடாத வண்டிக்கு ஈரத்தை உறிஞ்சாத சிலிகான் திரவமான டாட் 5 பொருத்தமானது, ஆனால் டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு அது கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் நெருங்கியிருந்தாலும் சிலிகான் அல்ல. மிதியில் அரை அங்குல அளவு வெற்றசைவு விடுங்கள். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்புதுளை மூடியே இருந்து, ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மின்சாரம்

போர்க்கால ஜீப் 6 வோல்ட்டில் இயங்குகிறது. அதே ஆற்றலுக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரு மடங்கு மின்னோட்டம் தேவை. கடையில் கிடைக்கும் மெல்லிய பேட்டரி ஒயரைப் போட்டுவிட்டு, 'ஆறு வோல்ட் என்றாலே ஸ்டார்ட் ஆகாது' என்று பழிசொல்வது நியாயமில்லை. தடித்த ஒயரும், பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் இறுக்கிய எர்த் இணைப்புகளும் இருந்தால், கிராங்க் போடும் தேவையே அரிதாகத்தான் வரும். இந்த வண்டியில் எதிர்முனை எர்த். அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை எர்த். எம்-38 முதலான பிற்கால வண்டிகள் நீர்புகாத 24 வோல்ட் அமைப்புக்கு மாறிவிட்டன.

பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடும் பின்னல் பட்டைகள் வானொலி இரைச்சலை அடக்குவதற்காக வைத்தவை. தேவையற்றவை என்று பலர் தூக்கியெறிகிறார்கள். 'எஸ்' எழுத்துள்ள வண்டியில் அவை இருந்தே ஆக வேண்டும்.

நிறம்

சிவப்பு ஆக்சைடு பிரைமரின் மேல் ஒளிராத ஆலிவ் டிராப். போருக்குப் பிந்தைய பச்சை வேறு. அதை அடித்துவிட்டு 1943-ஆம் ஆண்டு நட்சத்திரம் வரைவது பொருந்தாது. உங்கள் பானெட்டின் அடியிலோ கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்திலோ வெயில் படாத அசல் நிறம் எஞ்சியிருக்கும், அதையே மாதிரியாகக் கொண்டு கலக்கச் சொல்லுங்கள். மெருகேற்றுவதில் ஆர்வம் காட்ட வேண்டாம். தொழிற்சாலையில் போல்ட் தலை, கீல், தாங்கி என்று பாராமல் ஒரே வீச்சில் அடித்தார்கள். குரோம் போல்ட் மின்னும் ஜீப், கண்காட்சியில் பரிசு வாங்கினாலும் ஜீப்பாகத் தெரிவதில்லை. எழுத்துகளை ஒட்டுப்படமாக ஒட்டாமல், அட்டை வெட்டிய அச்சின் வழியே தூரிகையால் குத்தியெழுதுங்கள்.

முதல் ஓட்டம்

கிராங்க் போடும்போது கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் தப்பும். முதல் அரைமணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடட்டும். எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா, நீர் எங்கே கசிகிறது என்பதை மட்டும் பாருங்கள். குளிர்ந்த பின் ஹெட் நட்டுகளைக் கையேட்டின் வரிசைப்படி மீண்டும் இறுக்குங்கள்.

சாலையில் இது மெதுவான வண்டி. ஆக்ஸில் விகிதம் 4.88 என்பதால் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் முறையிடும். இராணுவ அமைப்பு டயர்கள் ஈரச் சாலையில் வழுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லாததால் தண்டுகள் முறுக்கேறி, நெம்புகோல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் வலிந்து இழுக்காமல் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் விடுபடும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு பட்டைகளைப் பிணைக்கும் யூ-போல்ட், சக்கர நட்டு, ஸ்டீரியரிங் பெட்டியின் போல்ட் ஆகியவற்றை மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெய்களை வடித்து, வடித்ததைக் காந்தத்தால் துழாவிப் பாருங்கள். நுண்ணிய மாவு போன்ற இரும்பு வந்தால் கவலையில்லை, துண்டுகள் வந்தால் மீண்டும் திறக்க வேண்டும். கழற்றி ஒதுக்கிய அசல் பாகங்களை, எவ்வளவு துருவேறியிருந்தாலும், எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி ஒரு பெட்டியில் போட்டு, வண்டியின் படங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த உரிமையாளர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.